முதற் கப்பற் பயணமும் மூட்டை முடிச்சும்

தமிழனுக்குக் கப்பல் புதிதன்று. ஆனால் இன்பச் சுற்றுலாவுக்கென்று கப்பல் ஏறுவது நம்மில் பலருக்குப் புதிது. நம் பாட்டன்மார் பிழைப்புத் தேடிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினார்கள்; தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமே அவர்களுடைய மூட்டை முடிச்சு. இன்றோ, கடலைப் பார்ப்பதற்காகவே மும்பையில் ஏறி, கோவாவைத் தொட்டு, மீண்டும் மும்பையிலேயே இறங்கும் கப்பல்கள் ஓடுகின்றன. வரும் விடுமுறையில் நம் சங்க நண்பர்கள் சிலர் தம் பெற்றோரை அத்தகைய கப்பலில் அழைத்துச் செல்ல எண்ணியிருப்பதாக அறிந்தேன். சென்ற ஆண்டு நான் என் பெற்றோரை அவ்வாறு அழைத்துச் சென்றேன். மூட்டை கட்டுவதில் நான் செய்த ஒரு பிழையால் அன்றிரவு என் தந்தையார் துன்புற்றார். அப்பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயில் வேறு, கப்பல் வேறு

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கினார். எத்தனையோ கப்பல்களின் வயிற்றை நிரப்பியவர், ஒரு கப்பலிலும் பயணியாக ஏறியதில்லை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, வங்கியில் பணிபுரியும் என் அக்காள் தன் சேமிப்பிலிருந்து எங்கள் மூவருக்கும் பயணச்சீட்டு வாங்கித் தந்தாள்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் ஊருக்குப் போகும் ரயில் பயணந்தான். அதற்கு மூட்டை கட்டுவதில் என் தாயார் கைதேர்ந்தவர். புளிச்சோறு, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, தண்ணீர், போர்வை, பெட்டியைக் கட்டிப் பூட்டச் சங்கிலி, இவற்றோடு ஒரு மஞ்சள் பை. ஏதோ ஒரு கலியாண வீட்டில் தாம்பூலப் பையாக வந்தது அது. பயணச்சீட்டு, பணம், அப்பாவின் மருந்து, ஓர் எலுமிச்சம்பழம், ஒரு மாற்று வேட்டி, எல்லாம் அதில் இருக்கும். உறங்கும்போதும் அது அம்மாவின் தலைமாட்டை விட்டு நகராது.

கப்பலுக்குப் புளிச்சோறு தேவையில்லை. வெளி உணவை உள்ளே விடுவதுமில்லை. போர்வையும் தேவையில்லை, அறையில் எல்லாம் உண்டு. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, மூட்டை கட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பௌதிகம் படிக்கும் மாணவனல்லவா! எடையையும் கன அளவையும் கணக்கிட்டு இரண்டு பெட்டிகளில் அடக்கினேன்.

“மருந்தை மட்டும் என் பையில வச்சுக்கிடுதேன்யா” என்றார் அம்மா.

“அந்தப் பை வேண்டாம்மா. கப்பல்ல எல்லாரும் பாப்பாங்க” என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லில் விஞ்ஞானம் ஏதுமில்லை, வெட்கந்தான் இருந்தது. அம்மா பேசாமல் பையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அப்பா நீரிழிவு நோயாளி. காலையும் இரவும் உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். வெப்பமும் அதிர்ச்சியும் தாக்கக் கூடாதென்று இன்சுலின் பேனாவையும், சர்க்கரை பார்க்கும் கருவியையும், மருத்துவர் எழுதிய சீட்டையும் துண்டில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் புதைத்தேன். அதே பெட்டியின் ஓரத்தில், அம்மாவுக்கு வெந்நீர் வைக்க ஒரு மின்கெண்டியும், மூவர் கைப்பேசிக்கும் மின்னேற்ற ஒரு நீட்டிப்புப் பலகையும் வைத்தேன்.

அன்றிரவு நடந்தது

நண்பகலில் பல்லார்ட் பியர் சென்றோம். கப்பலில் பெரிய பெட்டிகளை நாமே தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை. அறை எண் பொறித்த அட்டையைக் கட்டி முனையத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அவை ஊடுகதிர்ச் சோதனைக்குப் பின், பல மணி நேரம் கழித்து அறை வாசலுக்கு வந்து சேரும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் என்றால் வேறு வழியில்லை.

மாலையில் கப்பல் புறப்பட்டது. தாம் உழைத்த துறைமுகம் விலகிச் செல்வதை அப்பா மேல்தளத்தில் நின்று பார்த்தார். அந்த மகிழ்ச்சியில் தேநீரோடு இனிப்பும் சாப்பிட்டார், நாங்களும் தடுக்கவில்லை. ஆறு மணிக்குச் சிறிய பெட்டி வந்தது; பெரியது வரவில்லை. எட்டு மணி ஆயிற்று. மருந்தில்லாமல் எப்படி உண்பது என்று அப்பா காத்திருந்தார். நாவறட்சி, அடிக்கடி சிறுநீர், பிறகு தலைவலியும் குமட்டலும். வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

நான் விசாரிக்கும் இடத்துக்கு ஓடினேன். பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள் இருப்பதால் பாதுகாப்பு அறையில் நிறுத்தியிருக்கிறார்கள், உரியவர் நேரில் வந்து திறக்க வேண்டும் என்றார்கள். அங்கே என்னைப்போல் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அதற்குள் அம்மா அப்பாவைக் கப்பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 342 மில்லிகிராம் என்று கருவி காட்டிக்கொண்டிருந்தது. “எந்த இன்சுலின்? எத்தனை அலகு?” என்று மருத்துவர் கேட்டார். மருந்தின் பெயர் எனக்குத் தெரியும்; அளவு தெரியவில்லை. எழுத்தறியாத என் தாயார் தயங்காமல், “சுபஹ் சௌபீஸ், ராத் சோலஹ்” என்றார். காலை 24, இரவு 16. மருத்துவர் தம்மிடமிருந்த மருந்தைக் கொடுத்து, நீர் பருகச் செய்து, நள்ளிரவு வரை அங்கேயே வைத்திருந்தார்.

பெட்டி என் கைக்கு வந்தபோது மணி பத்து. மின்கெண்டியும் பலகையும் பறிமுதலாகி, இறங்கும்போது திரும்பக் கிடைத்தன. ஒரு கெண்டி மறித்த பெட்டியில் என் தந்தையின் மருந்து சிக்கியிருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்தவன் நான்.

தடை ஏன்?

இத்தடைகளை வீண் கெடுபிடி என்று எண்ண வேண்டா. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1985ஆம் ஆண்டு அது கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அக்கப்பலின் பயணிகள் போக்குவரத்து அதோடு முடிந்தது. ஆகவேதான் இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, மெழுகுவத்தி, ஊதுபத்தி, கற்பூரம் ஆகியவை கூடா. சாமி கும்பிடும் தாய்மார்களிடம் கற்பூரத்தைப் பற்றி முன்னரே சொல்லிவிடுங்கள்.

நீட்டிப்புப் பலகை என்ன குற்றம் செய்தது? வீட்டு மின்சாரத்தில் இரு கம்பிகளில் ஒன்று நிலத்தோடு இணைந்தது. கப்பலிலோ பெரும்பாலும் இரு கம்பிகளும் கப்பலின் இரும்புடலோடு இணையாமல் தனித்திருக்கும். வீட்டுக்கென்று செய்த மின்னெழுச்சித் தடுப்புப் பலகை அத்தகைய அமைப்பில் சூடேறித் தீப்பற்றக்கூடும். பௌதிக மாணவனாகிய நான் இதைப் பயணத்துக்குப் பிறகே படித்தறிந்தேன். ஒவ்வொரு கப்பலும் தன் தடைப் பட்டியலை முன்கூட்டியே தருகிறது. பெட்டியைத் திறக்குமுன் அதை ஒருமுறை படியுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

முதல் எட்டு மணி நேரம் பெரிய பெட்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு மணி நேரத்துக்கு எது இன்றியமையாததோ அதுவே கைப்பைக்கு உரியது.

ஒன்று, மருந்து. பயண நாட்களுக்கு வேண்டியதோடு இரண்டு நாளைக்குக் கூடுதலாகவும், மருத்துவர் சீட்டும், அளவு எழுதிய தாளும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் காக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவோ, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. ஆகவே நான் அதைத் துணியில் புதைத்த விஞ்ஞானம் தேவையற்றது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. அறையிலுள்ள குளிர்பெட்டியில் பனிக்கட்டி அறையை ஒட்டி வைக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்கக் கொஞ்சம் குளுக்கோசும் வேண்டும்.

இரண்டு, அடையாள அட்டையும் பயணச்சீட்டும். அச்சிட்ட படி ஒன்று இருக்கட்டும். கைப்பேசி உயிரிழந்தால் அதுவே துணை. கரையை விட்டு விலகினால் கைப்பேசி அலை கிடைக்காது. ஊரிலுள்ள உறவினரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். இல்லையேல் வீணே கலங்குவார்கள்.

மூன்று, ஒரு மாற்று உடையும் ஒரு சால்வையும். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர்சாதனம் முதியவர்களை நடுங்க வைக்கிறது. ஈரத் தளத்தில் வழுக்காத ரப்பர் செருப்பும் நன்று.

நான்கு, ஒரு சிறு சோப்பு. கூட்டமாக உண்ணும் கப்பல்களில் வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரசைக் கைதுடைக்கும் சாராயக் கரைசல் நன்கு அழிப்பதில்லை. சோப்புப் போட்டு நீரில் கழுவுவதே சிறந்தது.

ஆட்டமும் குமட்டலும்

கடல் நோய்க்குக் காரணம் வயிறு அன்று, காது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, ‘ஆடுகிறோம்’ என்கிறது; அறைச் சுவரைப் பார்க்கும் கண், ‘நிற்கிறோம்’ என்கிறது. இருவர் சாட்சி முரண்பட மூளை குழம்புகிறது. ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் செல்லும் மெதுவான அசைவே மிகுதியாகக் குமட்டுகிறது. சீசாப் பலகையின் நுனியைவிட நடுப்பகுதி குறைவாக அசைவதுபோல், கப்பலின் நடுவில் கீழ்த்தளத்து அறை அமைதியானது. முதியவர்களுக்கு அதையே கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவாகவே இருக்கும். குமட்டினால் மேல்தளம் சென்று தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணும் காதும் ஒன்றுபடும். மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் உண்ண வேண்டும். ஆனால் நீரிழிவோ கண்ணழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ணலாம்.

இன்னொன்று. கப்பல் புறப்படும்போது பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டு அதைத் தவறவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டு சனவரியில் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்தா கன்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அன்று மாலையில் ஏறிய பயணிகள் பலருக்கு அப்பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறியபின் 24 மணி நேரத்துக்குள் நடத்தலாம் என்றிருந்த விதி, 2015 முதல், புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என மாறியது. ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி: இதுவே அபாய அறிவிப்பு. பெற்றோருக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

தந்தை சொன்ன விதி

மறுநாட் காலை மர்மகோவாத் துறைமுகம் கண்ணில் பட்டபோது அப்பா தேறியிருந்தார். பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டே, “ஏலே, எந்தச் சரக்கு முதல்ல இறங்கணுமோ அது கடைசியிலதான் ஏறணும். அப்படித்தான் அடுக்குவோம். நீ எனக்கு முதல்ல வேண்டியத அடித்தளத்துல போட்டுட்டியே!” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூட்டை கட்டும் கலை முழுவதும் அந்த ஒரு விதியில் அடங்கும். எடையும் கன அளவும் பிறகு. எது எப்பொழுது வேண்டும் என்பதே முதற் கேள்வி. திரும்பும்போதும் இவ்விதி பொருந்தும். கடைசி இரவே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் அவை கரையில்தான் கிடைக்கும். மறுநாள் உடுக்கும் உடையையும் உள்ளே வைத்துப் பூட்டியவர்கள் இரவு உடையோடு இறங்குவதுண்டு.

அந்தக் கடைசி இரவில் நான் எதையும் அடுக்கவில்லை. கோவாவில் வாங்கிய ஒரு துணிப்பையை அம்மாவிடம் கொடுத்து, “நீயே வையம்மா” என்றேன். மருந்து, அடையாள அட்டைகள், அப்பாவின் மாற்று வேட்டி, உணவுக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஓர் எலுமிச்சம்பழம் எல்லாம் அதில் சென்றன. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அம்மா உறங்கினார்.

நண்பர்களே, உங்கள் பெற்றோரைக் கடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் பெட்டியைப் பூட்டுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தால் அதை விட்டுச் செல்லாதீர்கள்.