ஒரு லென்சு போதுமா?

புகைப்படக் கலை பயில விரும்பும் மாணவி முதலில் கேட்பது, "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பது. காமிரா கைக்கு வந்ததும், "இனி எந்த லென்சு?" என்று கேட்கிறாள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் பெற்றோரின் பணம் கரைகிறது. சில லென்சுகள் காமிராவைவிட விலை மிகுந்தவை. ஆதலின் கடைக்குப் போகுமுன் நாம் சற்று நிதானமாக இதைச் சிந்திப்பது நல்லது.

லென்சின் மேல் 50 மி.மீ., 200 மி.மீ. என்று பொறித்திருப்பார்கள். அறிவியல் பாடத்தில் குவிலென்சைப் பற்றிப் படிக்கும்போது வரும் குவியத் தொலைவுதான் அது. அந்த எண் கூடக்கூட, காமிரா காணும் பரப்பு குறுகும். பொருள் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பழைய 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ. ஆகும். 50 மி.மீ. லென்சுடன் 20 மீட்டர் தள்ளி நின்றால் 14.4 மீட்டர் அகலமான காட்சி படத்தில் விழும். விராலிமலையில் அவ்வளவு தொலைவில் நிற்கும் மயில் அதில் சிறு பொம்மை போலத்தான் தெரியும். 200 மி.மீ. லென்சிலோ 3.6 மீட்டர்தான் விழும். தோகை விரித்தால் படத்தின் பெரும்பகுதியை மயிலே நிரப்பிவிடும். (இன்றைய தொடக்கநிலைக் காமிராக்கள் பலவற்றில் படம் பதியும் தகடு சிறியது. அவற்றில் 35 மி.மீ. லென்சே ஏறத்தாழ 50-இன் வேலையைச் செய்யும்.)

இதைப் படித்ததும் பெரிய லென்சின் மேல் ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் மயிலை நாம் ஆண்டுக்கு எத்தனை நாள் படம் எடுக்கப் போகிறோம்? மற்ற நாட்களில் நம் முன் நிற்பவை தங்கையின் முகம், பூக்கட்டும் பாட்டியின் விரல்கள், மாதா கெபி முன் ஏற்றிய மெழுகுவர்த்தி ஆகியவைதாமே! இவற்றுக்கு வேண்டியது நீளமான லென்சு அன்று. வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்சு.

லென்சில் உள்ள மற்றோர் எண் இதைத்தான் சொல்கிறது. குவியத் தொலைவைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். ஆகவே எண் சிறிதானால் துவாரம் பெரிது. காமிராவுடன் சேர்த்துத் தரும் 18–55 மி.மீ. லென்சு, 55-இல் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்சோ அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பங்குத் திருவிழாவில் இரவுத் தேர் பவனியை 1/60 வினாடியில் இது பிடித்துவிடும். மற்றதற்கு அதே படத்துக்கு 1/6 வினாடி தேவை. அதற்குள் கையும் அசையும், தேரும் நகரும். 50 மி.மீ., எஃப் 1.8 லென்சு, விலை குறைந்த லென்சுகளுள் ஒன்று என்பது நமக்கு வாய்த்த நற்பேறு.

பெரிதாக்கிக் காட்டும் வசதி இதில் இல்லையே என்பார்கள். அதற்குக் கால்கள் இருக்கின்றன! நெருங்கினால் பெரிது, விலகினால் சிறிது. மேலும், முகத்தின் அமைப்பைப் படத்தில் மாற்றுவது லென்சு அன்று, நாம் நிற்கும் தூரமே. கைப்பேசியை முகத்தருகே நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரிவதும் இதனால்தான். இரண்டு மீட்டர் விலகி நின்று எடுத்துப் பாருங்கள். மூக்கு தன் அளவுக்குத் திரும்பிவிடும்.

ஒரே லென்சைக் கொண்டு பெரும்பணி செய்தவர்கள் உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா (1913–2012) பயன்படுத்திய காமிராக்களுள் ரோலிஃபிளெக்சும் ஒன்று. படமெடுக்கும் லென்சைக் கழற்றி மாற்ற முடியாத காமிரா அது. பெண்பிள்ளைக்குக் காமிரா எதற்கு என்று கேட்போருக்கு, 2011-இல் அவர் பெற்ற பத்ம விபூஷண் விருதை நாம் நினைவூட்டலாம். இதற்கு மாறாக, காட்டு விலங்குகளைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், நீண்ட லென்சின்றி வேலை செய்திருக்க முடியாது. காமிராவையும் லென்சையும் தாமே இணைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். தமக்கு என்ன வேண்டும் என்று அறிந்த பின்னர் செய்த ஏற்பாடு அது.

பயிற்சிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் குளத்தூர் வட்டத்திலேயே நார்த்தாமலை இருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான காப்டன் லின்னேயஸ் டிரைப் பெரிய பெட்டிக் காமிராவுடன் வந்து எடுத்த புதுக்கோட்டைப் படங்கள் 1858-லேயே தொகுப்பாக வெளிவந்தன. மலைமேல் உள்ள விஜயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கிய கோயில். ஆகவே மாலை வெயிலே அதன் முகப்புக்கு உகந்தது. நடுப்பகலில் சிற்பங்கள் தட்டையாகிவிடும். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 என்றால், எஃப் 16, 1/100 வினாடி என்று தொடங்கலாம். எதிரே உள்ள குடைவரையில் 12 திருமால் சிற்பங்கள் நிழலில் நிற்கின்றன. அங்கே துவாரத்தை அகலத் திறக்க வேண்டும். அல்லது முக்காலி வேண்டும்.

பழைய லென்சு வாங்குவோர், அதை விளக்கின் முன் பிடித்து உள்ளே பார்க்கவும். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நல்ல லென்சையும் மழைக்காலத்தில் தோலுறைக்குள் பூட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்கவும்.