பகலில் பாரதம், இரவில் கூத்து

அன்புள்ள தம்பி,

கீழ்பென்னாத்தூரில் நாகஸ்வரம் பழகி இப்போதுதான் மேடையேறத் தொடங்கியிருக்கிறாய். கச்சேரிக்கு நாள் குறித்ததும் விழாக் குழுவினரோ உள்ளூர்ச் செய்தியாளரோ வந்து, "என்ன வாசிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். "எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்" என்று கும்பிட்டு நகர்ந்துவிடுவது நம் வித்துவான்களிடம் நெடுநாளாக ஊறிய வழக்கம். அதை அடக்கம் என்று மெச்சுகிறோம். எனக்கோ அது, வீடு தேடி வந்தவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்புவதாகவே படுகிறது. கேட்கிறவருக்கு விவரமாகப் பதில் சொல். அந்தப் பேச்சும் உன் வித்தையில் சேர்ந்ததுதான்.

முன்கூட்டியே சொன்னால் சுவை போய்விடும் என்பார்கள். செஞ்சி, திருவண்ணாமலை வட்டாரத்தில் பிறந்த யாரும் இதை ஒப்புக்கொள்ள முடியாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம். அங்கே சொன்ன கதையே இரவில் கூத்தாக வருகிறது. பதினெட்டாம் போரில் யார் விழுவார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடியக் கண் விழிக்கிறார்கள். கதை தெரிந்திருப்பதால்தான் வேஷக்காரர் அன்று புதிதாக என்ன செய்தார் என்பது அவர்கள் கண்ணில் படுகிறது. உன் வாத்தியத்துக்கும் இந்த நியாயம் உண்டு. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. ஆனாலும் கம்பீர நாட்டையில் அது எழுந்ததும், அடுப்படியில் இருப்பவருக்கும் சாமி புறப்பாடு என்று தெரிந்துவிடும். தளிகைக்கு ஒரு மல்லாரி, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று முன்னோர் வகுத்து வைத்தார்கள். ஊரும் அதைக் காதால் படித்துக்கொண்டது. கோயிலை விட்டுக் கச்சேரி மேடைக்கு வந்தபோது ஊருக்கிருந்த அந்தத் துணை உடன் வரவில்லை. அதன் இடத்தை இப்போது உன் வார்த்தைதான் நிரப்ப வேண்டும்.

மனோதர்மத்தை எப்படி முன்னதாகச் சொல்வது என்பது இன்னொரு கேள்வி, நியாயமான கேள்விதான். ஆனால் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி முறையே, வர்ணத்தில் தொடங்கி இன்னின்ன உருப்படி இன்னின்ன இடத்தில் வரும் என்று கேட்பவர் அறிந்திருக்கும் ஏற்பாடு. அதற்குள் கற்பனைக்கு ஒரு குறையும் வரவில்லை. தோடியை விரிவாக எடுக்கப் போவதாகச் சொல். அதில் என்ன பிடி வரும் என்பதை மேடை தீர்மானிக்கட்டும். அன்று மனம் வேறு ராகத்துக்குப் போனால், மேடையில் ஒரு வரி சொல்லிவிட்டு மாற்றிக்கொள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

"கேட்கிறவருக்குச் சங்கீதம் தெரியாதே" என்று ஒதுங்குவது மட்டும் எனக்குப் பொறுக்கவே இல்லை. சென்னையில் 1928-இல் தோன்றிய மியூசிக் அகாடமியில், மார்கழிக் காலைகளில் வித்துவான்கள் விளக்கவுரை தருகிறார்கள், மாலையில் கச்சேரி. விஷயம் தெரிந்தவர்களுக்கே இன்னும் தெரியச் செய்ய அவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது, நம் ஊர்க்காரருக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாதா? கல்கி 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். சுர சாஸ்திரம் அறியாத வாசகரும் படித்து ரசித்த தமிழ் அது. உன்னிடமும் அப்படிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்யப்படுகிறது, அதனால்தான் நடுவில் நிறுத்தி மாற்றுகிறோம் என்று சொன்னால், அந்தச் சில நொடிகளை யாரும் தடங்கலாக எண்ண மாட்டார்கள். புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வருவார்கள். முத்துசுவாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களைப் பாடியபோது அக்னித் தலமான நம் திருவண்ணாமலைக்குச் சாரங்க ராகத்தில் 'அருணாசல நாதம்' செய்தார். தினமும் அந்த மலையைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேரிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்? அருணகிரிநாதர் திருவண்ணாமலைக்காரர். திருப்புகழ் வாசிக்கப் போகிறாய் என்றால், அந்தச் சந்தம் தவிலுக்கு என்ன சவால் வைக்கிறது என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டு. கூட்டமே சேர்ந்து தட்டும்.

இது சுய விளம்பரம் ஆகிவிடாதா என்று தயங்குவாய். பட்டங்களை அடுக்கினால் ஆகும். உருப்படியைப் பற்றி, ராகத்தைப் பற்றி, சொல்லிக் கொடுத்தவரைப் பற்றிப் பேசினால் ஆகாது. நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே குழுவினரோடு உட்கார். எத்தனை மணிக்குத் தொடங்குகிறோம், வாணவேடிக்கையும் ஒலிபெருக்கி அறிவிப்பும் எந்த நேரத்தில் வேண்டாம் என்பதை அப்போதே பேசி முடி. ஆலாபனை நடக்கும்போது மேடையிலிருந்து கெஞ்சுவதைவிட அது எவ்வளவோ மேல். "நாகஸ்வர இன்னிசை" என்று மட்டும் போட்டு முடிக்க விடாதே. எடுக்கப்போகும் ராகம் அதில் வரட்டும். தவில் வாசிப்பவர் பெயரும் உன் பெயர் அளவு எழுத்திலேயே வரட்டும்.

அன்புடன்,
உன் இசையைக் கேட்கக் காத்திருக்கும் ஒருவன்