ஒரு தூண்டில், இரு கரைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் கடற்கரையில் மணற்பரப்பும் பாறைகளும் அருகருகே உள்ளன. நீலசந்திராவிலிருந்து விடுமுறைக்கு அங்குச் செல்லும் ஒருவர் ஒரே தூண்டிற்கோலைத்தான் எடுத்துச் செல்ல இயலும் எனில், எதனைத் தேர்ந்தெடுப்பார்?

மணற்கரையில், அலை உடையும் இடத்திற்கு அப்பால் இரையை வீச வேண்டும். அதற்கு 12 அடிக்கு மேல் நீண்ட கோல் உதவும். பாறையிலோ நிற்கும் இடம் குறுகியது. நீண்ட கோல் தடுமாறச் செய்யும். சிக்கிய மீன் இடுக்கில் நுழையுமுன் அதனை மேலே தூக்கும் வலிமையும் வேண்டும். ஆகவே, நடுத்தர விறைப்புடைய 10 அல்லது 11 அடிக் கோல் இரண்டிற்கும் ஏற்றது. ரீல் 200 மீட்டர் தூண்டில் நரம்பு கொள்வதாகவும் உப்புநீரைத் தாங்குவதாகவும் இருத்தல் நன்று. பாறையில் உரசினால் நரம்பு அறும்; எனவே, நுனியில் தடித்த நரம்பை இணைத்தல் வேண்டும்.

கோல் ஒன்றாயினும் கவனம் ஒன்றன்று. அலை நனைத்த பாறை வழுக்கும். அங்கு நிற்றல் ஆகாது. எம்மீனும் உயிரினும் பெரிதன்று.

பயிற்சி
1. பொருள் எழுதுக: இடுக்கு, விறைப்பு.
2. பிரித்து எழுதுக: தூண்டிற்கோல், எம்மீன்.
3. மிக நீண்ட கோல் பாறைக்கு ஏற்றதன்று. ஏன்?
4. ‘கோல் ஒன்றாயினும் கவனம் ஒன்றன்று’ – விளக்குக.