வளைத்த பைப்பில் ஒரு நாற்றங்கால்

காய்கறி நாற்று வளர்த்து விற்கும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "குடில் போட எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். இரும்புக் குழாய், வெல்டிங், கான்கிரீட் குழி என்று யாராவது கணக்குச் சொல்ல, பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் கடன் வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வாங்கும் பி.வி.சி. பைப்பை வளைத்து நட்டு, மேலே வலை போர்த்தினால், ஒரு தடவைக்கு ஒன்பதாயிரம் நாற்று எடுக்கும் குடில் இரண்டே நாளில் எழுந்துவிடும். இரண்டு பேர் போதும். இந்தத் தொழில் நமக்குக் கை வருமா என்று ஒரு வருடம் பழகிப் பார்க்க அந்த அளவு தாராளம். பெரிய குடிலை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

படத்தில் பார்க்கும் பசுமைக்குடில்கள் முழுக்கப் பாலித்தீன் மூடியவை. சூட்டைப் பிடித்து வைக்கும் அந்த ஏற்பாடு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரி. தாராபுரத்திலோ திண்டுக்கல்லிலோ சித்திரை வெயிலில் அப்படி மூடினால் உள்ளே நாற்று வெந்துவிடும். சமவெளியில் நமக்குத் தேவை வெயிலைக் குறைக்கும் 50 சதவீத நிழல்வலை, வெள்ளை ஈயைத் தடுக்கும் 40 மெஷ் பூச்சிவலை. பாலித்தீன் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும், அதுவும் கூரைக்கு மட்டும்.

இனி அளவு. பைப் 20 அடி நீளத்தில் கிடைக்கிறது. அதை வெட்டாமல் அப்படியே வளைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் 12 அடி விட்டால், உச்சி ஆறரை அடி உயரத்துக்கு வரும். ஆள் குனியாமல் நடக்கலாம். நிழல்வலை 3 மீட்டர் அகலச் சுருளாக வருகிறது, அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே குடிலின் நீளத்தை 27 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடிக்கு ஒரு வளைவு வீதம் பத்து வளைவுகள். குறுக்காக மூன்று துண்டு வலை போர்த்தினால், முதல் துண்டு ஒன்றாம் வளைவிலிருந்து நான்காம் வளைவு வரை, அடுத்தது நான்கிலிருந்து ஏழு வரை, கடைசித் துண்டு ஏழிலிருந்து பத்து வரை. வலையும் வலையும் சேரும் இடம் சரியாகப் பைப்பின் மேலேயே விழும். தையல் வேண்டாம், கிளிப் போட்டு இறுக்கினால் போதும். 30 அடி வேண்டும் என்று ஆசைப்பட்டால் வலை அரையடி பற்றாமல் போகும், அந்த அரையடிக்காக இன்னொரு துண்டு வாங்க வேண்டியிருக்கும்.

கடையில் 32 மி.மீ. பைப், 10 கிலோ அழுத்தம் தாங்குவதாகக் கேளுங்கள். விலை குறைவு என்று 4 கிலோ பைப்பை எடுக்காதீர்கள், அதன் சுவர் மெல்லிசு. வளைவுக்குப் பத்து, உச்சியிலும் இரண்டு பக்கத்திலும் நீளவாட்டில் ஓடும் கட்டுக்கு ஐந்து, மொத்தம் 15 பைப். தரையில் அடிக்கும் முளைக்கு 12 மி.மீ. முறுக்குக் கம்பி. 40 அடிக் கம்பி ஒன்றை மூன்றரை அடித் துண்டுகளாக வெட்டினால் பதினொன்று வரும். இரண்டு கம்பிக்கு 22 துண்டு. வளைவுகளுக்கு இருபது போக, மிச்சம் இரண்டும் வாசல் நிலைக்கு. வெட்டும் வேலையைக் கம்பிக் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சமன்செய்து, நான்கு மூலைக்கும் முளை வைத்துக் கயிறு கட்டுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் 29 அடி ஆறரை அங்குலம் வந்தால் மூலைமட்டம் சரி. வராவிட்டால் மேலே போகாதீர்கள், இங்கே கோணினால் வலை கடைசி வரை சுருங்கியே நிற்கும். பிறகு மூன்றடிக்கு ஒரு கம்பியைச் சம்மட்டியால் இரண்டடி ஆழம் இறக்குங்கள், மேலே ஒன்றரை அடி நிற்கட்டும். பைப்பின் ஒரு முனையை ஒரு கம்பியில் சொருகி, ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மறுமுனையை மெல்ல வளைத்து எதிர்க் கம்பியில் இறக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு செய்தால் பைப் இளகி எளிதாக வளையும்.

உச்சிக் கட்டை வளைவுகளோடு சேர்க்கும் இடத்தில்தான் நான் தவறு செய்தேன். முதல் குடிலில் ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் துளை போட்டு போல்ட் முடுக்கினேன். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. உடுமலைப் பக்கத்து ஆடிக்காற்று நான்கு நாள் தொடர்ந்து அடித்ததில், துளை இருந்த இடங்களிலேயே ஏழு வளைவுகள் பிளந்தன. அதிக வளைவும் இழுப்பும் விழும் இடத்தில் துளை போட்டு, நானே அதை வலுவிழக்கச் செய்திருந்தேன். மூன்று நாளில் கொடுக்க வேண்டிய தக்காளி நாற்று வலைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. முன்பணம் கொடுத்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் குடிலில் துளையே கிடையாது. பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்தில் நாடாவாக அறுத்து, இரண்டு பைப்பும் சேரும் இடத்தில் பெருக்கல் குறி போல நான்கு சுற்று இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுகிறேன். காற்றில் அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மறுபடி தன் இடத்துக்கு வரும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நாட்டில் இந்தக் குடிலின் உயிர் முழுக்கத் தரையில்தான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படும் ஊர்களில் நீளவாட்டத்தை மேற்கு கிழக்காக வையுங்கள், அகன்ற பக்கம் காற்றுக்கு முகம் கொடுக்கக் கூடாது. சுற்றிலும் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வலையின் ஓரத்தை உள்ளே மடித்து மண் தள்ளி மிதித்து மூடுங்கள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில், குடிலின் மேலே ஒரு கயிற்றைக் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் முளையில் கட்டுங்கள். பைப்பில் மிச்சம் பிடிக்கலாம், வலையில்கூடக் கொஞ்சம் பிடிக்கலாம். இந்தக் கயிற்றிலும் முளையிலும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் வலையைக் கழற்றிச் சுருட்டிவிடுங்கள். வெறும் வளைவு காற்றைப் பிடிக்காது.

கிளிப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மிச்சப் பைப்பை நாலு அங்குலத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நீளவாட்டில் ஒரு விரல் அகலத்துக்கு எடுத்துவிட்டால் போதும், வலையின் மேல் வைத்து அமுக்கினால் பைப்பைக் கவ்விக்கொள்ளும். அறுத்த ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வலையைக் கிழிக்கும். வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டை வளைவுகளுக்கு ஒரு கை அடிப்பதும் அவசியம். வெயில் பைப்பை நொறுங்க வைக்கும். சூடேறிய பி.வி.சி. தன்மேல் படும் பாலித்தீனையும் சீக்கிரம் கெடுக்கும். வெள்ளை இரண்டையும் தள்ளிப்போடும்.

போர்த்தும்போது பூச்சிவலை முதலில், நிழல்வலை அதன்மேல். காரணம் இருக்கிறது. கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரைக் குறைத்து, நிழலையும் எடுத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். அப்போதும் இலைச்சுருட்டல் நச்சுயிரியைக் கொண்டுவரும் வெள்ளை ஈ உள்ளே வரக் கூடாது. மேல்வலை தனியாக இருந்தால் கிளிப்பைத் தளர்த்திச் சுருட்டிவிடலாம்.

உள்ளே நடுவில் இரண்டடி வழி, இரு பக்கமும் நாலடிப் பாத்தி. 98 குழித்தட்டு 100 அடுக்கலாம், ஆக 9,800 குழி. தட்டு மண்ணில் படக் கூடாது, பட்டால் வேர் ஓட்டை வழியாக இறங்கிவிடும், பிடுங்கும்போது அறுந்துபோகும். செங்கல் வைத்து மூங்கில் பரப்பி அதன்மேல் வையுங்கள். தென்னை நார்க் கழிவு தட்டுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ பிடிக்கும். கழுவி உப்பு நீக்கியதாக இருக்க வேண்டும். விதைத்த தட்டுகளைப் பத்துப் பத்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாலித்தீனால் மூடி வைத்தால், தக்காளி மூன்று முதல் ஆறு நாளில் முளைக்கும். நான்கைந்து முளை தலை தூக்கியதுமே பிரித்துப் பரப்பிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடி நூலாக நீளும், அந்தத் தண்டு பிறகு நிமிராது. பூவாளியால் காலையில் தண்ணீர். சாயங்காலம் ஊற்றி இரவு முழுக்க ஈரத்தில் நின்றால் நாற்றழுகல் வரும். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் சுமார் 40 நாளிலும் தயாராகும்.

இப்போது தொழில் கணக்கு. மிளகாயை 60 × 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 15,000 நாற்று வேண்டும். அப்படியென்றால் உங்கள் குடில் ஒரு தடவைக்கு ஓர் ஏக்கரைக்கூட நிரப்பாது. ஆகவே இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்காதீர்கள். அரை ஏக்கர், கால் ஏக்கர் போடும் அக்கம்பக்கத்து விவசாயிகள்தான் முதல் வருட வாடிக்கை. விதை அவர்களுடையது, வளர்ப்புக் கூலி உங்களுடையது என்று பேசி ஆரம்பிப்பது நல்லது. வீரிய விதையின் விலை உங்கள் தலையில் விழாது. கேட்ட எண்ணிக்கைக்கு மேல் பத்துச் சதவீதம் சேர்த்து விதையுங்கள். முன்பணம் கைக்கு வராமல் ஒரு தட்டுகூட நிரப்ப வேண்டாம். நாற்று அரிசி மூட்டை அல்ல, நாள் தாண்டினால் முற்றிப்போகும், பிறகு சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். ஆடி முதல் வாரம் நடப்போகிற மிளகாய்க்கு வைகாசிக் கடைசியில் விதை தட்டில் விழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் சித்திரையிலேயே வீடு வீடாகப் போய்ப் பேசி முடிக்க வேண்டும்.

நாற்று விற்பனை 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்துக்கும் 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் உட்பட்டது. மாவட்ட விதை ஆய்வுத் துணை இயக்குநர் அலுவலகத்தில் உரிமம் எடுத்துவிடுங்கள். ரகம், விதையின் குவியல் எண், விதைத்த தேதி, வாங்கியவர் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லும் கொடுங்கள். விதை சரியில்லாமல் பயிர் ஏமாற்றினால் வாங்கியவருக்கும் உங்களுக்கும் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான். தோட்டக்கலைத் துறையில் நிழல்வலைக் குடிலுக்கு மானியம் உண்டு, ஆனால் அதற்கென்று வரையறுத்த அமைப்பு இருக்கிறது. வருங்காலத்தில் வேண்டும் என்றால் கட்டுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள், கட்டிய பிறகு அல்ல.

கொடுக்கும் நாளில் தட்டோடு அனுப்புங்கள், பிடுங்கி மூட்டை கட்ட வேண்டாம். தட்டுக்கு ஒரு தொகை பிடித்து வைத்து, திருப்பிக் கொண்டுவந்ததும் கொடுத்துவிடுங்கள். வந்த தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த விதைப்பு.