‘உள்ளே வரலாமா சார்?’

முதல் பீரியட். கரும்பலகையில் இரண்டு வரி எழுதியிருப்பீர்கள். வாசலில் ஒரு தலை தெரியும். “உள்ளே வரலாமா சார்?” வகுப்பு மொத்தமும் வந்தவரைப் பார்க்காது, உங்களைத்தான் பார்க்கும். சார் இப்போது என்ன செய்யப்போகிறார்? குடவாசல் மாதிரி காவிரி டெல்டா ஊரில் புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியருக்கு முதல் பரீட்சை இதுதான். பி.எட். படிக்கும்போது இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வெளியே நிற்க வைப்பது பழைய வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்த பிள்ளையை பீரியட் முடியும்வரை வெளியே நிறுத்தினால், போன பத்து நிமிடத்தோடு மிச்சப் பாடமும் போயிற்று. சரி, நிறுத்தவில்லை, விசாரணை மட்டும்தான் என்கிறீர்களா? “நேத்தும் லேட்டு, இன்னைக்கும் லேட்டு, வீட்டுல என்னதான் பண்றே?” என்று இரண்டு நிமிடம் பேசினால், மணியடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்த நாற்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் நஷ்டம். தண்டனை யாருக்கு?

ஆகவே வாசல் விவகாரத்தைப் பத்து நொடியில் முடியுங்கள். தலையசைப்பு, கையால் இடம் காட்டுவது, ஒரு வரிக் கிண்டல், மறுபடி பலகை. கிண்டல் எதன்மேல் விழுகிறது என்பதில்தான் வித்தை. “கலெக்டர் ஐயா வந்துட்டார், எல்லாரும் எழுந்து நில்லுங்க” என்றால் வகுப்பு சிரிக்கும். வந்தவர் சிரிக்க மாட்டார். “டிரைவர் அண்ணன் இன்னைக்கும் நம்மள மறந்துட்டாரா? உட்காருப்பா” என்றால் இருவரும் சிரிப்பார்கள். பேருந்தைச் சொல்லலாம், மழையைச் சொல்லலாம், மெதுவாக ஓடும் சுவர்க் கடிகாரத்தைச் சொல்லலாம், உங்களையே சொல்லிக்கொள்ளலாம். வீட்டு வேலையை, அப்பா அம்மாவின் தொழிலை, தெருவை, சாதியைத் தொடவே கூடாது. “மாடு கறந்துட்டு வர்றியா?” என்று ஒருமுறை கேட்டு வகுப்பைச் சிரிக்கவிட்டால், அந்தப் பையன் அடுத்த நாள் முதல் உங்களிடம் பொய்தான் சொல்வான். ‘லேட்டு’ என்ற அடைமொழியைப் பெயருக்கு முன்னால் ஒட்டுவதும் அப்படித்தான். ஒட்டுவது நொடி வேலை, பத்தாம் வகுப்பு முடியும்வரை உதிராது.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. முட்டி போடச் சொல்வது மட்டுமல்ல, நாற்பது பேர் முன்னால் கூனிக் குறுக வைப்பதும் உங்கள் வேலைக்கு ஆபத்து.

அபராதம் போடலாமா? ஒரு ரூபாய் உண்டியல் வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். குழந்தையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு, பத்துக் காப்பகங்களில் ஆறில் மட்டும் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அபராதத்தை நிறுத்திய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் அதுவரை பெற்றோரை விரட்டிக்கொண்டிருந்தது. காசு கட்டியதும் கூச்சத்தின் கணக்குத் தீர்ந்துபோனது. உங்கள் உண்டியலிலும் அதுதான் நடக்கும். அதிலும் ஒரு ரூபாய் இல்லாத பிள்ளை அன்றைக்கு வராமலே இருந்துவிடும்.

அபராதத்தைவிட ஆசை நன்றாக வேலை செய்யும். முதல் ஐந்து நிமிடத்தை ஒரு புதிருக்கு ஒதுக்குங்கள். “ஒரு வேலி நிலத்துல எத்தனை குழி?” என்று கேளுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டுவந்த பிள்ளை, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஆக இரண்டாயிரம் குழி என்று சொல்லிவிடும். விதி ஒன்றே ஒன்று: விடையை அந்த ஐந்து நிமிடத்துக்குள் மட்டும்தான் சொல்வீர்கள். பிந்தி வந்தவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். புதிர் பாடத்தின் உயிர்நிலையாக இருக்கக் கூடாது. தவறவிட்டால் வயிறு எரிய வேண்டும், பாடம் புரியாமல் போகக் கூடாது.

ஆங்கில ஆசிரியர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தாமதக் காரணத்தை ஒரே ஆங்கில வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்காரலாம். பிள்ளை வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே வரும். திக்கும் பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை என்றால் துண்டுத் தாளில் எழுதித் தரட்டும். தமிழாசிரியர் அதே காரணத்தை எதிர்காலத்தில் சொல்லச் சொல்லலாம்: “நாளை என் சைக்கிள் பஞ்சர் ஆகும் ஐயா.” இதற்கு வகுப்பு சிரிக்காவிட்டால் என்னைக் கேளுங்கள்.

ஆனால் ஒரே பிள்ளை வாரத்தில் மூன்றாவது முறை தாமதமாக வந்தால் கிண்டலை நிறுத்துங்கள். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, “ஏன் லேட்டு?” என்பதை விட்டுவிட்டு, “காலையில வீட்டுல யாரு இருக்கா?” என்று கேளுங்கள். சம்பா, தாளடி நடவு, களையெடுப்பு நாட்களில் அம்மா விடிவதற்குள் வயலுக்குக் கிளம்பிவிடுவார். எட்டாம் வகுப்புப் பெண்தான் உலை வைத்து, தம்பிக்குத் தலைவாரி, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள். காலை உணவுத் திட்டம் அந்தச் சுமையில் ஒன்றைக் குறைத்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று, இதே டெல்டாவின் திருக்குவளையில்தான் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. தம்பி அதில் சாப்பிடுகிறானா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே பாதிக் காரணம் வந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். தாமதமாக வரும் ஆறு பேரும் ஒரே பேருந்தில் இறங்குகிறார்களா? அப்படியென்றால் அது பிள்ளைகளின் ஒழுக்கம் அல்ல, கால அட்டவணை. கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் வழியாக வருவதோ, கொரடாச்சேரிப் பக்கமிருந்து வருவதோ, எந்த வண்டி என்று குறியுங்கள். இரண்டு வாரம், தேதி, வந்து சேர்ந்த நேரம், இறங்கிய மாணவர் எண்ணிக்கை. இவ்வளவையும் ஒரே தாளில் போட்டு, ஹெச்.எம். கையெழுத்தோடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்துக்கு அனுப்புங்கள். “பேருந்து சரியாக வருவதில்லை” என்ற பொது மனுவைவிட, நேரம் குறித்த தாளைத் தள்ளிவைப்பது கடினம்.

நீங்களும் அதே பேருந்தில் வருபவராக இருக்கலாம். திருவாரூரிலோ கும்பகோணத்திலோ வீடெடுத்துத் தங்கி தினமும் வந்துபோகிற ஆசிரியர்கள் நிறையப் பேர். உங்கள் தாமதத்துக்கு அலுவலகம் தற்செயல் விடுப்பில் கை வைக்கும். வகுப்பு என்ன செய்யலாம் என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். சார் லேட்டாக வந்தால் புதிரை மாணவர்கள் போடுவார்கள், சார் விடை சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். கொஞ்சம் கஷ்டமான புதிராகத்தான் போடுவார்கள், தயாராக வாருங்கள்.