புத்தகப் பை வாங்கப் போகும் தாய்க்கு

சேலையூர் சகோதரிக்கு,

ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளுக்குப் பை வாங்க மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போனீர்கள். ஸ்கூல் பேக், காலேஜ் பேக், லேப்டாப் பேக், ட்ரெக்கிங் பேக் என்று கடைக்காரர் எடுத்துப் போட்டதில் குழம்பி, வாங்காமலே திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். லேப்டாப் பையில் முதுகை ஒட்டி மெத்தை வைத்த தனி அறை இருக்கும். ட்ரெக்கிங் பையில் இடுப்புப் பட்டை உண்டு. இறுக்கிக் கட்டினால் தோளில் விழும் பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். மலையேறுகிறவர்களுக்கு அது அவசியம். சக்கரம் வைத்த பை சமதரையில் சுகம்தான். ஆனால் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளிலும், ஐப்பசி மழையில் நம் தெருக்களில் நிற்கும் தண்ணீரிலும் அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும். காலேஜ் பேக் வளர்ந்தவர்கள் முதுகுக்குத் தைத்தது. “வளர்ற பொண்ணு, பெருசாவே வாங்குங்கம்மா” என்பார்கள். கேட்காதீர்கள். பை அவள் முதுகைவிட அகலமாக இருக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே தொங்கவும் கூடாது. தோள்வார் அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்கட்டும். இரண்டு தோளிலும் மாட்டச் சொல்லுங்கள். மின்சார ரயிலில் ஆபீஸ் போகிறவர்கள் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டமான பஸ்ஸில் அவளும் அப்படியே செய்யலாம்.

எனக்குக் கவலை பையைப் பற்றியல்ல, உள்ளே போகும் சுமையைப் பற்றி. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் பேசியதே பிள்ளைகள் முதுகில் ஏறும் இந்தச் சுமையைப் பற்றித்தான். பிறகு, பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட யஷ்பால் குழு 1993-இல் அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தது. ஓராண்டுப் பாடம் மூன்று பருவப் புத்தகங்களாகப் பிரிந்தது. உருப்படியான காரியம் என்றால் இதைத்தான் சொல்வேன், சுமை நிஜமாகவே குறைந்தது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமும் பை எடையைக் குறைக்க உத்தரவிட்டது.

மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கைப்படி, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல குடிநீரைப் பள்ளியே தர வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. எங்கள் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் காலையில் முன்குனிந்து நடப்பதைப் பார்க்கும்போது, இது ஏட்டோடு நின்றுவிட்டதே என்று மனம் பதைக்கிறது.

பையைக் கடையில் காலியாகவே எடை போட்டுப் பாருங்கள். சில பெரிய பைகள் காலியாகவே கனக்கும். பள்ளி திறந்ததும் ஒரு வாரம், தினமும் காலையில் நிரம்பிய பையை எடை போட்டு டைம்டேபிள் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். எந்த நாளில் 3 கிலோவைத் தாண்டுகிறது, எந்த நோட்டை வகுப்பிலேயே வைக்கலாம் என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளோடு பெற்றோர் கூட்டத்துக்குப் போய், மற்ற அம்மாக்களையும் சேர்த்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்