வட்டித் தொழிலும் வீண்பழியும்

சத்திய அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தனுள் பரிவாதம் என்னும் பழிகூறலைச் சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் முதலில் வைத்தார். ஒருவரைப் பழித்தலே குற்றமாயின், ஓரினத்தையே பழித்தல் எத்துணைக் கொடிது! இங்கிலாந்தில் வாழ்ந்த யூதர் வரலாறு கொண்டு இதனை ஆராய்வோம்.

1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் காலத்தில் யூதர் பிரான்சிலிருந்து அங்குக் குடியேறினர். நிலமானிய உறுதிமொழியும் கைவினைஞர் சங்கங்களும் கிறித்தவச் சடங்குகளோடு பிணைந்திருந்தமையால், உழவும் கைத்தொழிலும் அவர்க்குப் பெரிதும் அடைபட்டன. கிறித்தவர் வட்டி வாங்குதலைத் திருச்சபை பாவமென விலக்கியது. 1179-ஆம் ஆண்டுப் பேரவை, வெளிப்படையாக வட்டி வாங்குவோர்க்குக் கிறித்தவ அடக்கத்தையும் மறுத்தது. ஆயினும் கடன் வேண்டுவோர் குறையவில்லை. ஆகவே, திறந்திருந்த அந்த ஒரு வாயிலில் யூதருட் சிலர் புகுந்தனர்.

ஆதாயத்தில் பெரும்பங்கை வரியாகக் கொண்டவன் அரசன். லிங்கன் நகரத்து ஆரோன் என்னும் செல்வர் 1186-இல் இறந்தபோது, அவர் உடைமை முழுவதையும் இரண்டாம் ஹென்றி கைக்கொண்டான். அவர்க்கு வரவேண்டிய கடன்களைத் தண்டுவதற்கெனத் தனி அலுவலகமே அமைக்கப்பட்டது. அரசன் பெற்றது பொருள். யூதர் பெற்றது பகை.

1190 மார்ச் 16-இல் யார்க் நகரில் அப்பகை வெடித்தது. கோட்டைக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். பகைவர் கையிற் சிக்காதிருக்கத் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டவர் பலர். பின்னர்க் கலகக்காரர் செய்தது யாது? பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களைத் தீயிட்டனர்! சமயப்பற்று எனப் பேசப்பட்டதனுள் கடன் தீர்க்கும் சூழ்ச்சியும் மறைந்திருந்தமை இதனால் விளங்கும்.

1275-இல் முதலாம் எட்வர்டு யூதர் வட்டி வாங்குதலைத் தடுத்தான். 1290-இல் அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினான். வட்டி ஒழிந்ததா? இல்லை. இத்தாலியக் கிறித்தவ வணிகரிடம் மன்னரே கடன் பெற்றுவந்தனர். 1590-களில் ஷேக்ஸ்பியர் ஷைலக்கைப் படைத்தபோது, அந்நாட்டில் யூதர் வெளிப்படையாக வாழ இயலாதிருந்தது. ஆள் அகன்றபின்னும் பழி அகலவில்லை.

நமக்கும் இதில் பாடமுண்டு. நம் ஊர்களில் அடகுக்கடை நடத்தும் வடநாட்டவருள் அருகனைத் தொழுவோரும் உளர். ஒருவர் அநியாய வட்டி வாங்கின் அச்செயலைக் கண்டித்தல் முறையே. ஆனால், "சேட்டு என்றாலே இப்படித்தான்" என்று நம் இல்லங்களில் எழும் சொல், யார்க் நகரிற் பற்றிய தீயின் பொறியன்றோ? உழுதுண்ணும் நாமும் சிறுபான்மையினரே என்பதை மறவற்க.

இல்லத்தில் சிறுவரொடு ஆராய்தற்குரிய வினாக்கள்:

1. யூதர் வட்டித் தொழிலிற் புகுந்தது இயல்பாலா, சூழலாலா?

2. கடன் பத்திரங்கள் எரிக்கப்பட்டமை எதனை உணர்த்துகிறது?

3. ஓரினத்தைப் பழித்து நாம் பேசும் சொற்கள் எவை? அவற்றுள் இன்றே விடத்தக்கது எது?